மனுவிலிருந்து விதி வரை



ஒரு மனுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1986ஆம் ஆண்டு இறுதியில், சுமார் 4 லட்சம் பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று மக்களவையின் மனுக்கள் குழுவிடம் அளிக்கப்பட்டது. அது கொத்தனார்கள், சித்தாள்கள், கம்பி கட்டுகிறவர்கள், சென்ட்ரிங் போடுகிறவர்கள், மண் சுமக்கிறவர்கள் ஆகியோருக்கான மனு. எங்களுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. அந்தச் சட்டம் எப்படி அமைய வேண்டும் என்ற வரைவையும் கையில் வைத்திருந்தார்கள். பத்தாண்டு கழித்து, 1996இல், நாடாளுமன்றம் கட்டுமானத் தொழிலாளர்களுக்காக இரண்டு சட்டங்களை இயற்றியது. இன்று மாநில நல வாரியங்களின் கணக்கில் இருக்கும் பல்லாயிரம் கோடி ரூபாயின் தொடக்கம் அந்த மனுதான்.

தொழிற்சங்கத்தின் வேலைகளில் நாம் மிகக் குறைவாகப் பேசுவது இதைப் பற்றித்தான். சட்டம் இயற்றுகிறவர்களைத் தேடிப் போவது, அவர்களுக்குப் புரியும்படி விளக்குவது, மறுத்தால் வாதாடுவது, அடுத்த கூட்டத்தொடருக்கு மறுபடியும் போய் நிற்பது. வேலைநிறுத்தங்களுக்கு வரலாறு எழுதியிருக்கிறோம், நினைவுத்தூண் எழுப்பியிருக்கிறோம். மனு எழுதியவர்களையும் வரைவு தயாரித்தவர்களையும் பெரும்பாலும் மறந்துவிட்டோம். மனு கொடுப்பதென்றால் பணிந்து கேட்பது என்ற எண்ணம் சங்கங்களுக்கு உள்ளேயே இருக்கிறது. அந்த எண்ணம் தவறானது, தொழிலாளருக்கு இழப்பை உண்டாக்குவது என்பது என் உறுதியான கருத்து.

நம் சென்னையிலேயே இதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள். பி. பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவரானார். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளுள் ஒன்று, மதிய உணவுக்கு அரைமணி நேரம்தான் கிடைக்கிறது என்பது. சங்கம் கேட்டது, நிர்வாகம் அதை 40 நிமிடமாக்கியது. பத்து நிமிடம்தான், ஆனால் அது கேட்டுப் பெற்ற பத்து நிமிடம்.

அதற்கு அடுத்த ஆண்டு வாடியா செய்ததை நாம் போதுமான அளவு நினைவுகூர்வதில்லை. 1919இல் அவர் லண்டன் சென்றார். இந்திய அரசியல் சீர்திருத்த மசோதாவை ஆராய்ந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் முன் சாட்சியம் அளித்தார். புதிய சட்டமன்றங்கள் வரப்போகின்றன, அவற்றில் ஆலைத் தொழிலாளிக்கு வாக்கும் இடமும் எங்கே என்று கேட்டார். பெரம்பூர் ஆலைவாசலில் பிறந்த ஒரு கேள்வியைச் சட்டம் எழுதப்படும் மேசைக்கே கொண்டுபோனார் அவர். வாக்குரிமை கிடைக்கவில்லை. தொழிலாளர் சார்பில் உறுப்பினரை நியமிக்கும் வழி மட்டும் கிடைத்தது. அந்த வழியில்தான் என். எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்துக்குள் வந்தார்.

ஜோஷிக்கு விரைவிலேயே வேலை வந்தது. 1920 இறுதியில் ஆலை நிறுவனம் வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்கள்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றது. ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்பது வழக்கு. அன்றைய சட்டத்தின்படி சங்கம் என்று ஒன்று இருப்பதே பாதுகாப்பற்றதாக இருந்தது. வாடியா சங்கத்தைவிட்டு விலகும் நிலை ஏற்பட்டது. 1921 மார்ச்சில் ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்: தொழிற்சங்கங்களைப் பதிவுசெய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டும். தீர்மானத்திலிருந்து சட்டம் வர ஐந்து ஆண்டுகள் ஆயின. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது, 1927 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவுசெய்யலாம் என்ற உரிமையும், தொழில் தகராறில் சங்க நிர்வாகிகளுக்கு உரிமையியல் வழக்கிலிருந்து பாதுகாப்பும் அப்படித்தான் பிறந்தன. சென்னையில் இழந்ததைச் சட்டமன்றத்தில் மீட்டார்கள்.

இனி கட்டுமானத் தொழிலாளர்களிடம் வருகிறேன். ஆலைத் தொழிலாளிக்கு முதலாளி யார் என்று தெரியும். வாசலும் மணியும் சம்பளப் பட்டியலும் உண்டு. காலை ஏழு மணிக்கு ஆள் எடுக்கிற முச்சந்தியில் தூக்குவாளியோடு நிற்கும் சித்தாளுக்கு முதலாளி யார்? கூட்டிப்போகிற மேஸ்திரியா? அவருக்கு வேலை கொடுத்த ஒப்பந்ததாரரா? வீடு கட்டுகிற உரிமையாளரா? இன்று ஒருவர், அடுத்த வாரம் வேறொருவர். வைப்பு நிதி, பணிக்கொடை, மகப்பேறு விடுப்பு என்று நம் தொழிலாளர் சட்டங்கள் தருவதெல்லாம் நிலையான ஒரு முதலாளி இருப்பார் என்ற அனுமானத்தின் மேல் நிற்பவை. அந்த அனுமானம் இல்லாத இடத்தில் சட்டம் இருந்தும் பயனில்லை. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களில் நடந்தவை உச்ச நீதிமன்றம் வரை போயின. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று அந்த ஆண்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறப்பான தீர்ப்பு. ஆனால் விளையாட்டரங்கம் கட்டி முடிந்ததும் தொழிலாளி அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். அவரோடு கூடப் போகிற உரிமை வேண்டும்.

அந்த உரிமையின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்கள் பம்பாயின் மதாடித் தொழிலாளர்கள், அதாவது சந்தைகளிலும் கிடங்குகளிலும் மூட்டை தூக்குகிறவர்கள். அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் அவர்கள் நடத்திய இயக்கத்தின் பயனாக 1969இல் மகாராஷ்டிரம் ஒரு சட்டம் இயற்றியது. தொழிலாளியும் வேலை கொடுப்பவரும் ஒரு வாரியத்தில் பதிவுசெய்ய வேண்டும். கூலியையும் அதற்குமேல் ஒரு விழுக்காட்டுத் தொகையையும் வேலை கொடுப்பவர் வாரியத்தில் கட்ட வேண்டும். வாரியம் கூலியைக் கொடுக்கும், மிச்சத் தொகையிலிருந்து வைப்பு நிதி, பணிக்கொடை, மருத்துவம் எல்லாவற்றையும் நடத்தும். முதலாளி மாறிக்கொண்டே இருக்கலாம், வாரியம் மாறாது. தொழிலாளர் சட்ட வரலாற்றில் இதற்கு இணையான கண்டுபிடிப்புகள் சிலவே. மாணவர்கள் இந்தச் சட்டத்தை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டில் 1979இல் தொடங்கிய தமிழ் மாநிலக் கட்டிடத் தொழிலாளர் சங்கம் இந்த வழியைப் பற்றிக்கொண்டது. 1982இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனால் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அதன்கீழ் நலத்திட்டமும் வாரியமும் அமைந்தது 1994இல். இடையில் 12 ஆண்டுகள். சட்டப் புத்தகத்தில் சட்டம் இருந்தது. முச்சந்தியில் நின்றவருக்கு ஒன்றுமில்லை. அந்த ஆண்டுகளில் சங்கத்தினர் ஊர்வலம் போனார்கள், பட்டினி கிடந்தார்கள், ஒவ்வொரு ஆட்சியிலும் அமைச்சரைப் பார்த்தார்கள். கட்டட வரைபட அனுமதி கொடுக்கும்போதே மதிப்பீட்டில் 0.3 விழுக்காட்டை வசூலிப்பது என்ற எளிய ஏற்பாட்டோடு வாரியம் நடக்கத் தொடங்கியது. அது பின்னாளில் 1 விழுக்காடானது.

மாநிலச் சட்டம் இருக்கும்போது டெல்லிக்கு ஏன் போக வேண்டும்? தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருக்கும் பொருள், மாநிலமே சட்டம் இயற்றலாம். ஆனால் கட்டுமானத் தொழிலாளி மாநில எல்லையோடு நிற்பவர் அல்லர். தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போனார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கே வந்தார்கள். ஆகவே 1985இல் டெல்லியில் பல மாநிலச் சங்கங்கள் கூடி, கட்டுமானத் தொழிலாளருக்கு மத்தியச் சட்டம் கோரும் தேசியப் பிரச்சாரக் குழுவை அமைத்தன. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமை ஏற்றார். 1952இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினர், 1957இல் கேரளத்தில் அமைச்சர், பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி. சட்டம் பிறக்கும் இடத்தையும் அது உடையும் இடத்தையும் உள்ளிருந்து பார்த்தவர். மத்தியத் தொழிலாளர் துறையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற டி. எஸ். சங்கரன் வரைவு தயாரிப்பில் துணை நின்றார். சுபாஷ் பட்நாகர் ஒருங்கிணைத்தார். தமிழ்நாட்டிலிருந்து ஆர். கீதா போன்றவர்கள் இதில் ஆண்டுக்கணக்காக உழைத்தார்கள்.

தொடக்கத்தில் நான் சொன்ன மனு இந்தக் குழுவினுடையதுதான். இந்தக் கூட்டணியைக் கவனியுங்கள். கட்சி சார்ந்த சங்கங்களும் இருந்தன, சாராத சங்கங்களும் இருந்தன. அதனால் எந்தக் கட்சி உறுப்பினரின் வீட்டுக்கும் போக முடிந்தது. நம் நாட்டில் பெரிய சங்கங்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்சியைச் சார்ந்தவை. அதனால் ஒரு வாசல் அகலத் திறக்கிறது என்பது உண்மை. மற்ற வாசல்கள் மூடிக்கொள்கின்றன என்பதும், தம் கட்சி ஆளும்போது சங்கத்தின் குரல் தாழ்ந்துவிடுகிறது என்பதும் அதே அளவு உண்மை. இதைத் தோழர்களின் முகத்துக்கு நேராகவே சொல்கிறேன்.

1988 டிசம்பரில் அரசு தானே ஒரு மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தது. வெற்றி என்று கொண்டாடியிருக்கலாம். பிரச்சாரக் குழு கொண்டாடவில்லை. அந்த மசோதாவில் வேலையிடப் பாதுகாப்பும் சில வசதிகளும் இருந்தன. வேலைவாய்ப்பை முறைப்படுத்தும் முத்தரப்பு வாரியமும் முழுமையான சமூகப் பாதுகாப்பும் இல்லை. தங்கள் கோரிக்கையின் பெயரைத் தாங்கி வந்த மசோதாவையே அது போதாது என்று எதிர்க்க உறுதி வேண்டும். கிடைத்ததை வாங்கிக்கொள், பிறகு பார்க்கலாம் என்று சொல்பவர்கள் எல்லா இயக்கத்திலும் உண்டு. மனுக்கள் குழுவும் 1989இல் தன் அறிக்கையைத் தந்தது. கோரிக்கையை ஆதரிக்கும் பரிந்துரைகள் அதில் இருந்தன. நாடாளுமன்றத்தின் ஆவணத்திலேயே தங்கள் கோரிக்கை ஏறிவிட்டதால், அதன்பின் எந்த அமைச்சரிடம் போனாலும் கையில் ஓர் ஆதாரம் இருந்தது.

நரசிம்ம ராவ் ஆட்சியின் இறுதிக் காலத்தில், 1995 நவம்பர் 3 அன்று, அவசரச் சட்டங்கள் வந்தன. அவை மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்பட்டு, ஆட்சி மாறிய பின்னர் 1996 ஆகஸ்ட் 19 அன்று ஒப்புதல் பெற்று நிலையான சட்டங்களாயின. ஒன்று வேலை நிலைமைகளையும் நல வாரியத்தையும் பற்றியது. மற்றது கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டுக்குக் குறையாமலும் இரண்டு விழுக்காட்டுக்கு மேற்படாமலும் நல வரி வசூலிக்க வழிசெய்தது. 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர், முந்தைய 12 மாதங்களில் 90 நாள் கட்டுமான வேலை செய்திருந்தால் பதிவுசெய்துகொள்ளலாம். கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. மதாடிச் சட்டத்தின் உயிரான பகுதி, கூலியே வாரியத்தின் வழியாக வரும் ஏற்பாடு, விடுபட்டுப்போனது. பணம் வசூலாகும், வேலைக்கு உத்தரவாதம் இராது. இந்தக் குறையை இன்றுவரை சரிசெய்யவில்லை.

இந்த உரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான் வருகிறது.

சட்டம் நிறைவேறியது. ஆனால் அதை நடத்த மாநிலங்கள் விதிகள் வகுக்க வேண்டும், வாரியம் அமைக்க வேண்டும், வரி வசூலிக்க அதிகாரிகளை நியமிக்க வேண்டும். பல மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் இவற்றைச் செய்யவில்லை. சட்டம் வந்து பத்தாண்டு கழித்து, 2006இல், அதே பிரச்சாரக் குழு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டியதாயிற்று. 2010 ஜனவரியில் நீதிமன்றம் வாரியங்களை அமைக்கவும் பதிவை நடத்தவும் கட்டளையிட்டது. இறுதித் தீர்ப்பு 2018 மார்ச்சில் வந்தது. அப்போது வெளிவந்த கணக்கு: தொழிலாளர் நலனுக்காக வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல், செலவானது சுமார் 9,500 கோடி ரூபாய். நான்கில் ஒரு பங்கு. அந்த வழக்கு நடந்தபோது, தொழிலாளர் பணத்தில் மடிக்கணினிகளும் துணி துவைக்கும் இயந்திரங்களும் வாங்கப்பட்ட செய்தியும் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவரின் வீட்டுக்குப் போக வேண்டிய பணம் அது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கப்போவதில்லை.

ஆகவே சட்டமியற்றுகிறவர்களிடம் சங்கத்துக்குள்ள வேலை மசோதா நிறைவேறும் நாளோடு முடிவதில்லை. அந்த நாளுக்குப் பிறகுதான் அது கடினமாகிறது. செய்தியாளர்கள் போய்விடுவார்கள், தலைவர்கள் அடுத்த பிரச்சினைக்குப் போய்விடுவார்கள். வினா நேரத்தில், விதிகள் எங்கே என்று கேட்க ஓர் உறுப்பினர் வேண்டும். தொழிலாளர் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, நிராகரித்த மனுக்கள் எத்தனை என்று கேட்க ஓர் உறுப்பினர் வேண்டும். அந்த உறுப்பினருக்கு அந்தத் தொகுதியின் விவரத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக்கொடுக்க ஒரு சங்கம் வேண்டும். தொழில் கூட்டமைப்புகள் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கின்றன. சங்கத்திடம் அந்தப் பணம் இல்லை. ஆனால் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று சங்கத்திடம் இருக்கிறது: எந்த ஊரில், எந்த அலுவலகத்தில், எந்தச் சான்றிதழ் இல்லையென்று சொல்லி, எந்த விதவைக்கு உதவித்தொகையை மறுத்தார்கள் என்ற செய்தி.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, இந்த நிதியிலிருந்து தொழிலாளருக்கு உதவுங்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. பதிவுபெற்றவர்கள் சுமார் 3.5 கோடிப் பேர் என்றும், நிதி சுமார் 31,000 கோடி ரூபாய் என்றும் அப்போது சொல்லப்பட்டது. அந்த நெருக்கடியில் எடுத்துக்கொடுக்க ஒரு நிதி இருந்ததே 1986இன் கையெழுத்துகளால்தான். பதிவைப் புதுப்பிக்காதவர்களுக்கும், பதிவே செய்யாமல் வெளிமாநிலத்தில் வேலை பார்த்தவர்களுக்கும் அது எட்டவில்லை. நெடுஞ்சாலையில் நடந்துபோனவர்களில் எத்தனை பேர் கட்டடம் கட்டியவர்கள் என்பதை நாம் பார்த்தோம்.

பிரச்சாரக் குழு அமைந்த 1985இல் இன்னொன்றும் நடந்தது. கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. அதன்பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியே போகும். எனவே மசோதா அவைக்கு வந்துவிட்டால் தனி உறுப்பினரின் மனத்தை மாற்றிப் பயன் குறைவு. வரும் முன்பே கட்சித் தலைமையிடமும் துறையிடமும் தேர்தல் அறிக்கை எழுதுகிறவர்களிடமும் பேசியாக வேண்டும். பேசாமல் போனால் என்னாகும் என்பதை 2023 ஏப்ரல் 21 காட்டியது. 12 மணி நேர வேலைநாளுக்கு இடம்தரும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. எல்லாச் சங்கங்களும் எழுந்தன. அன்றைய ஆளுங்கட்சியைச் சார்ந்த தொழிற்சங்கமான தொமுசவும் எதிர்த்தது. 24ஆம் தேதி அமைச்சர்கள் சங்கங்களோடு பேசினார்கள், மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில் அப்போதைய முதல்வர் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார்.

பெரிய வெற்றிதான். ஆனால் 24ஆம் தேதி நடந்த பேச்சு 21க்கு முன்பே நடந்திருக்க வேண்டும். அரசு அழைக்கவில்லை என்றால் சங்கம் கதவைத் தட்டியிருக்க வேண்டும். அண்டை மாநிலமான கர்நாடகத்தில் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் இதே போன்ற மாற்றம் வந்திருந்தது, அடுத்து இங்கே வரும் என்பது தெரியாத செய்தி இல்லை.

சிறிய சங்கத்தால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கோழிக்கோட்டைச் சொல்வேன். மிட்டாய்த் தெருக் கடைகளில் நாளெல்லாம் நின்றபடி வேலை பார்த்த பெண்கள், விஜியின் தலைமையில் பெண்கூட்டு என்ற அமைப்பாகச் சேர்ந்து, கழிப்பறைக்காகவும் உட்காருவதற்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள், அதிகாரிகளிடமும் ஆட்சியாளர்களிடமும் முறையிட்டார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவு சேர்ந்தது. இனி தியாகராய நகர் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு இருக்கை தர வேண்டியது சட்டப்படியான கடமை. தருகிறார்களா என்று அடுத்த முறை புடவை வாங்கப் போகும்போது பாருங்கள். இல்லையென்றால் தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள்.

மீண்டும் கட்டுமானத் தொழிலாளரிடம் வருகிறேன். 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் புறக்கணித்த அவையில், மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மாநிலங்களவையில் நிறைவேறின. அவையும் முந்தைய ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. கட்டுமானத் தொழிலாளருக்கான 1996இன் இரு சட்டங்களும் அவற்றுக்குள் கரைந்துபோயின. நல வரி இருக்கிறது. ஆனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கட்டுகிறவரே மதிப்பிட்டுக்கொள்ளலாம். சொந்தக் குடியிருப்புக்கான விலக்கு 10 லட்சத்திலிருந்து 50 லட்சம் ரூபாய் மதிப்பு வரை உயர்ந்துவிட்டது. சிற்றூர்களில் கட்டப்படும் வீடுகளில் பெரும்பகுதி இதனால் வரிக்கு வெளியே போகும். முப்பது ஆண்டில் சேர்த்த நிதியின் ஊற்று அங்கேதான் சுருங்குகிறது.

இங்கே அமர்ந்திருக்கும் சட்ட மாணவர்களிடமும் சங்கத் தோழர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய தொகுப்புகளின் கீழ் மத்திய, மாநில அரசுகள் வெளியிடும் விதிகளின் வரைவை அரசிதழில் எடுத்துப் படியுங்கள். நல வரி, பதிவு, புதுப்பித்தல், வெளிமாநிலத் தொழிலாளர் பற்றிய விதிகளை வரிவரியாகத் தமிழில் எழுதிச் சங்கக் கூட்டத்தில் வாசியுங்கள். முச்சந்தியில் நிற்பவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தங்களை எழுதுங்கள். தொழிலாளர் துறைக்கு ஒரு படி அனுப்புங்கள். தமிழ்நாட்டில் 234 சட்டமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் அவருடைய தொகுதித் தொழிலாளியே நேரில் ஒரு படி கொண்டுபோய்க் கொடுக்கட்டும். பதில் வராவிட்டால் அடுத்த கூட்டத்தொடருக்கு முன் மறுபடியும் போங்கள்.